தோட்டுக்கு ஹால்மார்க் உண்டு, முட்டிக்கு?

மதிப்பிற்குரிய இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தேய்ந்து உலோகத் துகள் உதிர்த்ததால் 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட கோபால்ட்-குரோமிய செயற்கை இடுப்பு மூட்டுகளின் கதையைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக என் அம்மாவின் காதுக்கு வருகிறேன்.

கவரிங் தோடு போட்ட மூன்றாம் நாளே அம்மாவுக்குக் காது புண்ணாகி நீர் வடியும். நிக்கல் ஒவ்வாமை. முட்டி மாற்று ஆபரேஷன் என்றதும் டாக்டரிடம் முதலில் சொன்னது இதைத்தான். அப்படியானால் செராமிக் பூச்சுள்ள மூட்டு வைக்கலாம் என்றார். டைட்டானியம் நைட்ரைடு, பார்த்தால் பவுன் நிறம். கனம் சில மைக்ரான்தான். அடியில் இருப்பது அதே கோபால்ட்-குரோமியம், துளி நிக்கலோடு.

பூச்சு தேய்ந்து உதிரும் துகளை உடம்பு ஏற்குமா என்று சோதித்தார்களா? நாங்கள் கேட்டது இவ்வளவுதான். உடம்புக்குள் வைக்கும் பொருளை உடம்பு ஏற்குமா என்று சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10993 சான்று இருக்கிறது என்றார் விற்பனைப் பிரதிநிதி. அதில் செல்கள் சாகின்றனவா என்று பார்ப்பது, தோல் ஒவ்வாமை பார்ப்பது, எலும்பில் பதித்துப் பார்ப்பது என்று எத்தனையோ பகுதிகள். எதைச் செய்தார்கள்? புதுத் தகட்டை ஊறவைத்த திரவத்திலா, நடையைப் போல மூட்டை இயக்கும் சிமுலேட்டர் இயந்திரத்தில் 50 லட்சம் முறை மடக்கி நீட்டியபின் கிடைத்த துகளிலா? பதிலுக்கு வழவழ தாளில் ஒரு பிரசுரம் வந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி டென்னிஸ் ஆடுகிறார். கடைசியில் எங்கள் கையில் மிஞ்சியது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிய ஸ்டிக்கர், அதில் ஒரு லாட் எண், அதாவது மூட்டு எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் எண்.

அந்த எண்ணைத் தட்டினால் சோதனை முடிவுகளின் சுருக்கம் தமிழில் வர வேண்டும். கோரிக்கை இதுதான்.

இரண்டு கிராம் தோட்டின் ஹால்மார்க் எண்ணை போனில் தட்டிச் சரிபார்க்கிறோம். காதுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கழற்றியும் வைக்கலாம். முட்டியை? 2017-இல் செயற்கை முட்டியின் விலைக்கு உச்சவரம்பு வந்தது, நன்றி. என்ன விலை என்று தெரிகிறது, என்ன பொருள் என்றுதான் தெரியவில்லை. இதெல்லாம் நோயாளிக்குப் புரியாது என்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் மட்டும் 'எல்லாம் புரிந்துகொண்டேன்' என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், அதுவும் ஆங்கிலத்தில். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கால் முடிந்தது. இடது முட்டிக்குத் தை பிறந்ததும் நாள் குறித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் இல்லாவிட்டாலும், தேய்ந்த பூச்சின் மீது நடந்த சோதனை முடிவையாவது அதற்குள் லாட் எண் வாரியாக வெளியிடச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
தஞ்சாவூர்