பெஸ்கி படித்த ஊர்களுக்கு ஒரு ரயில் பயணம்

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறி இறங்கினேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மகனுக்கும் மருமகளுக்கும் இரண்டு முறை படித்துக் காட்டினேன். அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதத்தில் இவ்வளவு தேறியது எனக்குப் பெரிய நிம்மதி. ம்யூனிக்கில் எல்லோரும் நலம். பேத்தி காலையில் ஜெர்மனும் மாலையில் தமிழும் பேசுகிறாள். படுக்கப் போகும்போது ஒரு கதை கேட்காமல் விடமாட்டாள்.

சரி, பயண விஷயத்துக்கு வருகிறேன். ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நமக்கு இருப்பது ஏழு இரவு. அதற்குள் அந்த மூன்றையும் பார்ப்பதென்றால் பாதி நேரம் வரிசையிலும் மீதி நேரம் பெட்டி தூக்குவதிலும் போய்விடும். உன் காலுக்கும் அது ஆகாது. அதனால் வேறொரு வழி போட்டு வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படி.

எம்.ஏ. படிக்கும்போது வகுப்போடு கொள்ளிடம் தாண்டி ஏலாக்குறிச்சி போனோமே, நினைவிருக்கிறதா? வீரமாமுனிவர் கட்டிய அடைக்கல மாதா கோயிலின் நிழலில் கட்டுச்சோறு பிரிக்கும்போது நீ கேட்டாய்: "இங்கே வந்து இப்படித் தமிழில் ஊறிப்போன மனுஷன் பிறந்த ஊர் எப்படி இருக்கும்?" நீ மறந்திருப்பாய். எனக்கு அது மனசிலேயே நின்றுவிட்டது. இப்போது அந்த ஊருக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் காஸ்திகிலியோன் என்று மனப்பாடம் செய்த ஊரை அங்கே காஸ்திலியோனே என்கிறார்கள். முழுப்பெயர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. 1680இல் கோஸ்தான்சோ பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், அங்கே பிறந்தார். பள்ளிப் படிப்பு பக்கத்து மாந்துவாவில். இயேசு சபையில் சேர்ந்த பிறகு ரவென்னாவிலும் பொலோன்யாவிலும் பயிற்சி. அப்புறம் லிஸ்பன், கப்பல், 1710இல் கோவா. இந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். காஸ்திலியோனே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ரயில் இருக்கிறது! அவர் படித்த வழியிலேயே நாமும் போவோம்.

ம்யூனிக்கிலிருந்து காலை வண்டி. ப்ரென்னர் கணவாய் வழியாக ஆல்ப்ஸைக் கடந்து ஐந்தரை மணி நேரத்தில் வெரோனா. அங்கே ஓர் இரவு போதும். ரோமானியர் கட்டிய அரங்கத்தை மாலை வெயிலில் சுற்றி வந்துவிட்டுப் படுத்துவிடலாம்.

மறுநாள் உள்ளூர் வண்டியில் முக்கால் மணி நேரம், மாந்துவா. இங்கே இரண்டு இரவு. மின்சோ ஆறு ஏரிகளாக விரிந்து மூன்று பக்கமும் ஊரைச் சூழ்ந்திருக்கிறது. மகாகவி வர்ஜில் பிறந்ததும் இந்த ஊருக்கு அருகில்தான். அந்த ஊரை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் அரண்மனையில், ஓவியர் மாந்தேன்யா 1474இல் தீட்டி முடித்த ஒரு சின்ன அறை இருக்கிறது. சுவர் முழுக்க அந்தக் குடும்பம், நாய், குதிரையோடு. நிமிர்ந்தால் கூரையில் ஒரு வட்டத் திறப்பு வழியாக வானமும், நம்மைக் குனிந்து பார்க்கும் முகங்களும். திறப்பும் இல்லை, வானமும் இல்லை, எல்லாம் வண்ணம். அந்த ஏரிகளில் தாமரை உண்டு என்று தெரிந்ததும் பெஸ்கி சின்ன வயதில் பார்த்திருப்பாரோ என்று துள்ளினேன். இல்லை, தாமரையை அங்கே கொண்டுவந்து நட்டது 1921இல்தான். ஆனால் சுற்றிலும் நெல் வயல் இருப்பது உண்மை. அங்கே நெல் விளைவது பெஸ்கி காலத்துக்கும் முந்திய வழக்கம். பிற்காலத்தில் நம் வயலையும் ஆற்றையும் பாட வந்தவருக்கு நெற்கதிர் புதிதாக இருந்திருக்காது என்று நினைக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

மாந்துவாவிலிருந்து காஸ்திலியோனேக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பேருந்துதான். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து வார நாளில் போவோம். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1859 ஜூனில் பக்கத்திலிருக்கும் சோல்ஃபெரினோவில் பெரிய போர் நடந்தது. காயப்பட்ட சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் காஸ்திலியோனேக்கு வந்து விழுந்தார்கள். ஊர்ப் பெண்கள் எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் "எல்லோரும் சகோதரர்களே" என்று சொல்லிப் பணிவிடை செய்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த ஹென்றி துனாந்த் மனதில்தான் செஞ்சிலுவைச் சங்கத்துக்கான எண்ணம் பிறந்தது. இப்போது அங்கே செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது. நீ முப்பது வருஷம் பள்ளியில் ஜூனியர் ரெட்கிராஸ் நடத்தியவள். அதை நீ பார்த்தே ஆக வேண்டும்.

பிறகு மோதெனாவில் வண்டி மாறிப் பொலோன்யா. மோதெனாவில் இரண்டு மணி நேரம் நின்று 1099இல் தொடங்கிய பேராலயத்தின் சிற்பங்களைப் பார்த்துவிடலாம். பொலோன்யாவில் நான்கு இரவு. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு மற்ற ஊர்களுக்குப் போய் வரலாம். ஊர் முழுக்கத் தூண் வைத்த நடைபாதைக் கூரைகள். நம் ஊர்த் திண்ணையை வரிசையாக இழுத்துவிட்டாற்போல. மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். குன்றின் மேலுள்ள சான் லூக்கா கோயிலுக்கு 666 வளைவுகளின் கீழ் நடந்து ஏறுவார்கள். நாம் அங்கே போகும் சின்னச் சுற்றுலா வண்டியில் ஏறிக்கொள்வோம்.

பொலோன்யா நிலையத்தில் இறங்கியதும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. 1980 ஆகஸ்ட் 2ஆம் தேதி அங்கே வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் இன்றும் 10:25 காட்டுகிறது. குண்டு வெடித்த நேரம்.

இன்னொன்று சொல்கிறேன், கேள். பொலோன்யா பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியதாகக் கணக்கு. 1732இல் லாரா பாஸி என்ற இருபது வயதுப் பெண் அங்கே டாக்டர் பட்டம் வாங்கி, அதே வருஷம் பேராசிரியர் பதவியும் பெற்றார். 1732 என்றதும் உனக்கு என்ன தோன்றுகிறது? சதுரகராதி! பெஸ்கி படித்த ஊரில் ஒரு பெண் பேராசிரியர் ஆன அதே ஆண்டில், அவர் நம் ஊரில் அகராதி தொகுத்து முடித்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ரவென்னாவுக்கு ஒரு முழு நாள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். 547இல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் விதாலே கோயிலில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் கண்ணாடிச் சில்லுகளில் நிற்கிறார்கள். சில்லுகளைச் சற்றே சாய்த்துப் பதித்திருப்பதால் நாம் நகர நகர ஒளியும் நகரும். பக்கத்தில் கல்லா பிளாசிதியா என்ற ரோமானிய அரசியின் பெயரிலுள்ள சமாதிக் கூடம்: கருநீலக் கூரை, பொன் விண்மீன்கள். அதற்கு நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுகிறேன். இத்தாலிய மகாகவி தாந்தே 1321இல் இறந்ததும் ரவென்னாவில்தான். அவரை நாடு கடத்திய சொந்த ஊரான ஃப்ளாரன்ஸ் பின்னாளில் எலும்பைத் திருப்பிக் கேட்டபோது, துறவிகள் கொடுக்காமல் ஒளித்து வைத்துவிட்டார்கள். 1865இல்தான் வெளியே தெரிந்தது. இன்றும் அந்தச் சமாதி விளக்குக்கு எண்ணெய் அனுப்புவது ஃப்ளாரன்ஸ்.

கடைசி நாள் அரை மணி நேரப் பயணத்தில் ஃபெர்ராரா. அகழி சூழ்ந்த கோட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்காரலாம்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. மாந்துவாவிலும் ஃபெர்ராராவிலும் பூசணி வைத்த மாவுப் பொட்டலம் கிடைக்கும், இனிப்பும் உப்புமாக. பொலோன்யாவின் தோர்தெல்லினி என்ற மாவுப் பொட்டலத்தைத் தொடாதே, உள்ளே இறைச்சி. ரவென்னாவில் பியதீனா என்று நம் சப்பாத்தி மாதிரி ஒன்று. பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பிசைவது வழக்கம் என்பதால் ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று நான் கேட்டு வாங்குகிறேன்.

உள்ளூர் வண்டிகளுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே கட்டணம், முன்பதிவு வேண்டாம். காகிதச் சீட்டு எடுத்தால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். என் மகன் ஒருமுறை மறந்து அபராதம் கட்டினான். பலகையில் 'ஷோபெரோ' என்று கண்டால் வேலைநிறுத்தம். அப்போதும் வார நாளில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் முக்கிய உள்ளூர் வண்டிகள் ஓடும்.

நீ அதிக இரவு தங்குவது இத்தாலியில் என்பதால் இத்தாலி விசாவுக்கு விண்ணப்பி. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். முழங்கால் பற்றி மருத்துவரிடம் ஒரு சான்றும் வாங்கிக்கொள். நவம்பர் வந்தால் போ ஆற்றுச் சமவெளியில் பனிமூட்டம் கவிந்துவிடும். அதனால் அக்டோபர் இரண்டாம் வாரமா மூன்றாம் வாரமா என்று மட்டும் உடனே எழுது. மாந்துவாவில் லிஃப்ட் உள்ள ஒரு விடுதியைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஏரி தெரியும் அறை அதில் இரண்டுதான் இருக்கிறது.

அன்புடன்,
உன் விஜி