மழைநீர் வடிகாலில் மழைநீர் மட்டும்: எங்கள் தெரு சார்பில் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

தி.நகரில் மாம்பலம் கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தெருவின் குடியிருப்போர் நலச்சங்கம் சார்பில் இதை எழுதுகிறேன். இந்த அக்னி நட்சத்திரத்தின்போது எங்கள் தெரு மழைநீர் வடிகாலின் மூடியைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே தரை காய்ந்து கிடந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது. கத்திரி வெயிலிலும் அதில் கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். உதவியவர்கள் பெயரையெல்லாம் போட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாதிப் பேர் "என் பேரை மட்டும் போட்டுடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாக இருக்காது. அதனால் பெயரே இல்லாமல் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

தெருவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். சென்னையில் கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனி வடிகால். கழிவுநீர்க் குழாயைப் பார்த்துக்கொள்வது குடிநீர் வாரியம். அதில் போவது நீரேற்று நிலையம் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதன் கடைசியில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. எங்கள் தெரு வடிகாலில் விழுவது எதுவானாலும் மாம்பலம் கால்வாய்க்குப் போகும், அங்கிருந்து அடையாற்றுக்கு, அப்புறம் பட்டினப்பாக்கம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு. வடிகால் மூடிக்கு அடியில் ஊற்றுகிற ஒரு வாளி எண்ணெய்க்கும் கடலுக்கும் நடுவில் தடுத்து நிறுத்த ஒருவரும் இல்லை.

முதல் நன்றி எங்கள் பிளம்பர் அண்ணனுக்கு. நாங்கள் கூட்டம் போட்டு, மனு எழுதி, யார் மேல் தப்பு என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "மழையே பெய்யலையே, அப்புறம் எங்கேர்ந்து சார் தண்ணி வருது?" மழை இல்லாத நாளில் வடிகாலில் ஓடுவது யாருடைய குளியலறைத் தண்ணீராகவோ சமையலறைத் தண்ணீராகவோதான் இருக்கும் என்றார். காலை ஆறு மணிக்கு மேல் ஓட்டம் கூடுகிறது, மத்தியானம் குறைகிறது, ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. இதையெல்லாம் மூடிப் பக்கத்தில் உட்கார்ந்து அவரே கவனித்து வைத்திருந்தார்.

அப்புறம் சாயப்பொடி வாங்கி வந்தார். வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் கொஞ்சம் பொடியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது, வாரியத்தின் கழிவுநீர்க் குழி அருகே ஒருவர், வடிகால் மூடி அருகே ஒருவர் என்று செல்போனோடு நிற்பது. வாரியக் குழியில் நிறம் வந்தால் இணைப்பு சரி. வடிகாலில் வந்தால் எங்கோ தப்பு. தெருப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் முழுக்கத் திருவிழாதான். "பச்சை வந்துடுச்சு" என்ற கூச்சல் கேட்டாலே அந்த வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிடும். சிவப்புப் பொடியை மட்டும் பாதியில் நிறுத்தச் சொன்னோம். கால்வாய்ப் பக்கம் நடைப்பயிற்சிக்குப் போன ஒரு மாமி பயந்துபோய்ப் போலீசுக்குப் போன் செய்யும் அளவுக்கு வந்துவிட்டது. இவ்வளவுக்கும் அண்ணன் வாங்கியது பொடிக்கான காசு மட்டும்தான்.

அப்படிக் கண்டுபிடித்ததில் பெரிய இணைப்பு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றினுடையது. அதன் சங்கச் செயலாளர் மேடத்துக்கு இரண்டாவது நன்றி. மறுக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. பழைய ஆட்களை விசாரித்துக் கதையை வெளியே கொண்டு வந்ததே அவர்தான். பல வருஷங்களுக்கு முன் ஒரு மழையில் கழிவுநீர்க் குழாய் அடைத்துத் தரைத்தளக் குளியலறைகளில் எதிர்த்துப் பொங்கியிருக்கிறது. பொறுக்க முடியாமல் யாரோ மழைநீர் வடிகாலை உடைத்துக் குழாயை அதில் சொருகிவிட்டார்கள். தற்காலிகம் என்றுதான் செய்திருக்கிறார்கள். வீடுகள் கைமாறின, குழாய் மட்டும் அங்கேயே இருந்தது.

இந்தக் கதையைக் கேட்டபோதுதான் எங்களுக்குப் பிடி கிடைத்தது. கள்ள இணைப்பை அடைத்தால் மட்டும் போதாது. கழிவுநீர்க் குழாயின் அடைப்பு எடுபடாவிட்டால் அதே தரைத்தளத்தில் மறுபடியும் பொங்கும், மறுபடியும் யாராவது கடப்பாரையைத் தூக்குவார்கள். அந்தக் குழாய் ஏன் அடைத்தது என்று தேடிப் போனால் அது சமையல் எண்ணெயில் போய் நின்றது. எண்ணெயும் சோப்புக் கசடும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து குழாய்க்குள் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய் குழாயை அடைக்கிறது, அடைப்பு வீட்டுக்குள் பொங்குகிறது, பொங்கினால் வடிகாலில் ஓட்டை, ஓட்டை வழியாக ஆற்றுக்கு மலம். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் சரிசெய்து பயனில்லை. அதனால்தான் இந்த மடலில் இத்தனை பேர்.

குடிநீர் வாரியப் பகுதி அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டியோடு வந்த ஊழியர்களுக்கும் எங்கள் வணக்கம். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத வேண்டும். இரண்டாம் நாள் வேலையில் ஓரிடத்தில் அடைப்பு அசையவே இல்லை. எங்களில் ஒருவர் மேற்பார்வையாளரைத் தனியே கூப்பிட்டு, "யாராவது இறங்கிக் குத்திவிட்டா முடிஞ்சிடும், நான் பார்த்துக்கிறேன்" என்று சட்டைப் பையில் கை வைத்தார். மேற்பார்வையாளர் குரலை உயர்த்தவில்லை. "ஆள் இறங்க மாட்டான் சார். பெரிய மிஷின் நாளைக்கு வரும். உங்க பாத்ரூம் ஒரு நாள் தாங்கும்" என்றார். மறுநாள் பெரிய வண்டி வந்தது, அடைப்பும் எடுபட்டது.

சாக்கடையிலும் மலக்குழியிலும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படியும் சாவுகள் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அந்தச் சட்டமும் தீர்ப்பும் எங்கள் தெருவில் அந்த மேற்பார்வையாளரின் வாய்வழியாகத்தான் நடைமுறைக்கு வந்தன. எங்கள் தெரு சுத்தமானதில் ஒரு மனிதர்கூடக் குழிக்குள் இறங்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

அடுத்தது முனை மெஸ் அண்ணாச்சி. ராத்திரி எண்ணெய்ப் படலம் யாருடையது என்று ஊருக்கே தெரியும், சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. அவர் கடை இட்லி அப்படி! கடைசியில் பேச்சை எடுத்தது அவர் மனைவிதான் என்று பிறகு தெரிந்தது. கழுவுமிடத்துக்குக் கீழே கிரீஸ் டிராப் தொட்டி ஒன்றைச் சொந்தச் செலவில் வைத்தார். எண்ணெய் லேசு என்பதால் மேலே தேங்கிவிடும், அடியிலிருந்து தண்ணீர் மட்டும் வெளியேறும், மேலே நிற்பதை வழித்தெடுத்துவிடலாம். ரொம்ப எளிய ஏற்பாடு. வழித்தெடுக்காமல் விட்டால் பயன் இல்லை, அந்த வேலையை அவர் கடைப் பையன்கள் முறை வைத்துச் செய்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி. வடை, பூரி சுட்ட பழைய எண்ணெய் இப்போது கேனில் சேர்கிறது. 2018 ஜூலையிலிருந்து இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அப்படிப்பட்ட எண்ணெயை பயோடீசல் தயாரிக்க வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், லிட்டருக்குக் காசும் தருகிறார்கள். "இத்தனை நாள் காசை இல்ல சாக்கடையில ஊத்தியிருக்கேன்" என்று அண்ணாச்சி இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

பைக் மெக்கானிக் தம்பிக்கும் நன்றி. என்ஜினிலிருந்து இறக்கும் ஆயிலை இப்போது டிரம்மில் பிடித்து, மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறார். வீடு கட்டுகிற மேஸ்திரி ஒருவருக்கும் நன்றி, கலவை மெஷின் கழுவிய தண்ணீரை வடிகாலில் விடாமல் மணல் பாத்தியில் தேக்கியதற்கு. சிமெண்ட் பால் வடிகாலில் இறுகிவிட்டால் உளியால்தான் பெயர்க்க வேண்டும்.

மொட்டை மாடி மழைக் குழாயை மாற்றிக்கொண்ட வீடுகளையும் சொல்லியாக வேண்டும். இவர்கள் செய்திருந்தது நேர்மாறான காரியம். மாடி மழைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. பெரிய மழையில் அந்தக் குழாய் தாங்காமல் பள்ளத்தில் இருக்கிற வீட்டில் பொங்கும். தெருவில் தண்ணீர் நின்றால் வாரியக் குழி மூடியைத் திறந்துவிடுவதும் இதே கதைதான். இப்போது அந்த வீடுகளில் மாடித் தண்ணீர் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. 2003இல் மாநிலம் முழுக்கக் கட்டாயமாக்கியபோது வெட்டிய குழிகள்தான், மண் மூடிக் கிடந்தவற்றைத் தோண்டிக் கூழாங்கல் மாற்றினார்கள்.

மாநகராட்சி வட்ட அலுவலகத்து ஊழியர்கள் வண்டல் வடிகட்டித் தொட்டிகளைத் தூர்வாரினார்கள். அள்ளிப்போட்ட வண்டலை ஓரத்தில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போகும். இவர்கள் அன்றைக்கே வண்டியில் ஏற்றிப் போனார்கள். வண்டலில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் பையும் பால் கவரும். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியில் தடை வந்தும் எத்தனை வருஷம் ஆகிவிட்டது!

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். தி.நகர் இருக்கிற நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த அந்த ஏரியை 1920களில் தூர்த்துத்தான் இந்த நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, பார்க்கத்தான் லேக் இல்லை. 2021 நவம்பரில் தி.நகரில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். தண்ணீர் பழைய விலாசத்துக்கு வந்தது, அவ்வளவுதான். ஏரியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தண்ணீர் போகிற வழியையாவது நாம் அடைக்காமல் இருக்கலாம் என்பது என் கட்சி.

அடையாற்று முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிற ஊரூர் குப்பத்திலிருந்து வந்து எங்கள் கூட்டத்தில் பேசிய மீனவ ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அதுவரை எங்களுக்கு இது கொசுப் பிரச்சினை, நாற்றப் பிரச்சினை. கொசுவும் நிஜம்தான், சாக்கடைத் தண்ணீரில் பெருகுகிற க்யூலெக்ஸ் இனம். அவர் சொன்னது வேறு. கோடையில் அடையாற்று முகத்துவாரத்தை மணல் திட்டு மூடிவிடும், மேலேயிருந்து வரும் அழுக்கெல்லாம் கழிமுகத்தில் தேங்கிவிடும். அப்புறம் முதல் மழை வடிகால்களின் அடிச் சேற்றையெல்லாம் ஒரே அடியாக அடித்துக்கொண்டு வரும். தண்ணீரில் மூச்சுக்காற்று இல்லாமல் மீன்கள் செத்து மிதக்கும். "உங்க தெருவுல மழை வந்தா உங்களுக்குச் சந்தோஷம். எங்களுக்கு முதல் மழைன்னா பயம்" என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். கள்ள இணைப்பை மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த ஒரு வீட்டுக்காரர் மறுநாளே பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டார்.

வடிகால் மூடிகளில் மடவை மீன் வரைந்து "இது கடலுக்குப் போகிறது" என்று எழுதிய பள்ளிப் பிள்ளைகளுக்கும், வண்ணம் வாங்கிக் கொடுத்த ஓவிய ஆசிரியைக்கும் எங்கள் அன்பு. ஒரு மீனுக்கு மீசை இருக்கிறது. அதை அழிக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானமே போட்டிருக்கிறோம்.

வேலை முழுதாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தெருக்கோடியில் ஒரு குழாய் பாக்கி இருக்கிறது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் வாடகைக்கு இருப்பவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவரிடம் போனில் பேசியாகிவிட்டது, ஆவணிக்குள் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்கூட்டியே நன்றி.

தீபாவளிக்குப் பலகாரம் சுடுகிறவர்களுக்கு ஒரு சேதி. முறுக்கு, அதிரசம் சுட்டு மிஞ்சுகிற எண்ணெயை ஆறவைத்து பாட்டிலில் ஊற்றி அண்ணாச்சி கடையில் கொடுத்துவிடுங்கள். கல்லாவுக்குப் பின்னால் நீல நிறக் கேன் இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் எடுக்க மாட்டார்கள்.

நன்றியுடன்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச்சங்கம்