குடும்பப் பெயரிலிருந்து தொடங்கும் பூர்வீகத் தேடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் பூர்வீக ஊரைத் தேடித் தமிழகம் வருவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவர்களும், அவர்களுக்கு உதவ முன்வரும் நம்மவர்களும் பெரும்பாலும் குடும்பப் பெயரிலிருந்தே தேடலைத் தொடங்குகின்றனர். அது பலரை வேறு ஊருக்கும் வேறு குடும்பத்துக்கும் கொண்டுபோய் விடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதிக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பான்மையினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும், அதனுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர் ஆகியவையும் எழுதப்பட்டன. அப்பதிவேட்டில் பெரும்பாலோருக்கு இருப்பது முனியன், செல்லம்மா என்பது போன்ற ஒற்றைப் பெயர்தான். இன்று அவர்களின் கொள்ளுப்பேரர்கள் தாங்கி நிற்கும் கோவெண்டர், மூட்லி, பிள்ளை போன்ற பெயர்களுள் பல, கரையிறங்கிய பின்னர் தாமாகச் சூட்டிக்கொண்டவையோ அதிகாரிகள் எழுதிவைத்தவையோ ஆகும். கோவெண்டர் என்பது கவுண்டர் என்ற பட்டத்தின் திரிபு என்று அறிந்தவுடன் கொங்கு நாட்டுக்குப் புறப்படுவோர், அப்பட்டம் வட ஆர்க்காட்டு வன்னியரிடையேயும் வழங்கியதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மொரீசியசில் நிலைமை வேறு. அங்கே தந்தையின் பெயரே அடுத்த தலைமுறையின் குடும்பப் பெயராக உறைந்துபோனதால், ஒரே பெயரைத் தாங்கிய இரு குடும்பங்களுக்கு எந்த உறவும் இல்லாமல் இருக்கலாம். பதிவு செய்த எழுத்தரின் காதைப் பொறுத்து உடன்பிறந்தவர்களின் பெயர்களே வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் அமைந்திருக்கவும் கூடும்.

ஆகவே நம்பத்தக்க இழை அந்தப் பதிவெண்தான். பாட்டன் பாட்டியரின் பிறப்பு, திருமணச் சான்றுகளிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் சென்று அந்த எண்ணை அடைந்துவிட்டால் ஊர்ப் பெயர் கிடைத்துவிடும். மொரீசியசைப் பொறுத்தவரை, மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய குடியேற்ற ஆவணங்களைப் பாதுகாத்து வருகிறது. அவற்றுள் பலருடைய புகைப்படங்களும் உள்ளன என்பது எத்துணை பெரும் பேறு!

உண்மையான இடர்ப்பாடு அதன் பிறகே, அதுவும் நம் மண்ணில்தான் எழுகிறது. பதிவேடு கூறும் வட ஆர்க்காடு மாவட்டம் 1989இலும் தென் ஆர்க்காடு மாவட்டம் 1993இலும் பிரிக்கப்பட்டுவிட்டன; தாலுகா எல்லைகளும் மாறிவிட்டன; ஆங்கிலத்தில் சிதைத்து எழுதப்பட்ட ஊர்ப் பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் பொருந்துகின்றன. நிலமற்றவர்களாகக் கப்பலேறியவர்களைப் பட்டாக்களில் தேடிப் பயனில்லை. அத்தகையோருக்கு, “எங்கள் தாத்தாவின் அண்ணன் கப்பலுக்குப் போனவர் திரும்பவேயில்லை” என்று சொல்லக்கூடிய முதியவர்களின் நினைவே பெரும்பாலும் எஞ்சியிருக்கும் சான்று. அதை இப்போதே எழுதிவைக்காவிட்டால் பின்னர் எந்த ஆவணக் காப்பகத்திலும் பெற இயலாது.

பழைய சென்னை மாகாணத்தின் தாலுகா, கிராமப் பெயர்களை அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டல்களுடனும் இன்றைய பெயர்களுடனும் ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணையொன்றைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் தொகுத்து, எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கப்பலேறியவர்களைப் பற்றிய செய்தி வழங்கும் குடும்பங்கள் அதை எழுதி அனுப்பத் தங்கள் நாளிதழும் வாரம் ஒருமுறை சிறிது இடம் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்