குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, கழிவுநீர் அடைப்பு பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இவ்வாண்டு நம் நேரத்தையும் உறுப்பினர்களின் பொறுமையையும் அதிகம் எடுத்துக்கொண்டது பூங்காவில் புதர் அகற்றும் பணிதான்.

நடைபாதையோர டுராண்டாச் செடி வேலி ஆளுயரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. உச்சியில் மட்டும் இலை, கீழே வெறும் கட்டை, நடுவே எலி வளைகள். எலி இருக்கும் இடத்துக்குச் சாரைப்பாம்பும் வந்துவிடும். மாலையில் விளக்கு வெளிச்சம் பாதையில் விழவில்லை என்று பெண்கள் பலமுறை சொன்னார்கள். மாநகராட்சியின் அனுமதி பெற்று ஆவணியில் வேலையைத் தொடங்கினோம்.

ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்றார்கள். வேலிக்கு அடியில் குடிநீர்க் குழாய் ஓடுகிறது. அதனால் ஆள் வைத்துக் கடப்பாரையால்தான் தோண்டினோம். மூலையில் மண்டியிருந்த உண்ணிச்செடியை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள், தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே அறுத்து, கட்டையைத் தலைகீழாகப் போட்டுக் காயவிட்டோம். தையல்சிட்டு கூடு கட்டியிருந்த ஒரு புதரை மட்டும் குஞ்சுகள் பறக்கும்வரை தொடவில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கவும் இல்லை. பழைய இட்லிப்பூச் செடிகளை ஓரடி உயரத்துக்குக் கவாத்து செய்து தொழு உரம் வைத்தோம். அவை இன்று பூத்து நிற்கின்றன. வேரூன்றிய செடியை எறிந்துவிட்டு நர்சரிக் கன்றுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

புதிய வேலிக்கு, சீக்கிரம் வளரும் என்று சிலர் கேட்ட கோனோகார்ப்பஸ் மரத்துக்குத் தமிழக அரசு 2025-இலேயே தடை விதித்துவிட்டது. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. பூஜைக்குப் பூ வேண்டியவர்களுக்கு வருத்தம்தான் என்றாலும், குழந்தைகள் விளையாடும் பக்கம் அதை வைக்கவில்லை. மாதவரம் அரசு தோட்டக்கலைப் பண்ணையில் விசாரித்து நந்தியாவட்டை, செம்பருத்தி, நொச்சி, ஆடாதோடை, மருதாணி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்றரை அடிக் குழி, மூன்றடி இடைவெளி. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். பழைய வேலியை நெருக்கி நட்டதால்தான் அடியில் வெயில் படாமல் இலை உதிர்ந்தது.

புரட்டாசியில் நட்டதால் ஐப்பசி மழை தண்ணீர்ச் செலவை மிச்சப்படுத்தியது. பள்ளத்தில் வைத்த செம்பருத்திகள் மட்டும் நீர் தேங்கி அழுகின. அங்கே மேடு கட்டி மறுபடி நட்டாயிற்று. தை மாதம் வந்த மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் தெளித்தோம். நந்தியாவட்டைப் பூவுக்குத்தான் மருந்து தெரியவில்லை. விடியுமுன் செடி மொட்டையாகிவிடுகிறது. பறிப்பவர்கள் கிளையை ஒடிக்காமல் பறித்தால் போதும்.

கன்றுகளுக்கு இது முதல் கோடை. வாரம் இரு முறை தண்ணீர் ஊற்ற, தெருவுக்கு இருவர் பெயர் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்யத் தனி நிதி ஒதுக்கும் தீர்மானம் அடுத்து வருகிறது. அதை நிறைவேற்றி, இவ்வறிக்கையையும் ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்