கார்டை எடைக்குப் போடாதே

கொழிஞ்சாம்பாறை,
தை 6.

அன்பு நண்பா,

பொங்கல் வாழ்த்தோடு வந்த உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், மனத்துக்கு நிம்மதியாக இருந்தது. வெயிலில் கொஞ்ச நாள் வெளியே விடாதே. உங்கள் நகரி ஊரின் தறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுத உனக்கு மனம் வந்ததே, அதற்கே உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இங்கே பாலக்காட்டுப் பக்கம் காற்றுக் காலம். மார்கழி பிறந்ததிலிருந்து கிழக்கே கணவாய் வழியாக நுழையும் காற்று பனைகளை இரவெல்லாம் உலுக்கி எடுக்கிறது. காலையில் கடையைத் திறந்தால் மேசை, பிரிண்டர், காகிதக் கட்டு எல்லாவற்றின் மேலும் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. தென்னைக்கு ஆழியாற்றுத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறோம். வழக்கம்போல வாய்க்காலைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருக்கிறோம்.

உன் கடைசிப் பக்கத்துக்கு, உன் கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டின் கதைக்கு வருகிறேன். "கார்டு போய்விட்டதாம், விண்டோஸ் 10-க்கும் காலம் முடிந்துவிட்டதாம், இனி இது எடைக்குத்தான் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். போடாதே. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது உண்மைதான். நீயோ போன வருடமே விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிவிட்டாய், அந்தத் தேதிக்கும் உன் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. கார்டும் போகவில்லை என்றே நினைக்கிறேன். பெட்டியைப் போட்டவுடன் தொடக்க எழுத்துகள் தெளிவாக வருகின்றன, எதை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் பட்டியலும் வருகிறது, அதற்குப் பிறகுதான் திரை கருப்பாகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். செத்த கார்டாக இருந்தால் பெரும்பாலும் அந்த முதல் எழுத்தே வராது, வந்தாலும் கோடு கோடாக உடைந்து வரும். உன் கார்டுக்கு உயிர் இருக்கிறது. அதை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருள்தான் வழி தவறி நிற்கிறது.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் எங்கள் ஊர் வாசகசாலைக் கம்ப்யூட்டர். கதவுக்கு மேல் தமிழிலும் மலையாளத்திலும் பெயர்ப் பலகை மாட்டிய அந்த ஓட்டுக் கட்டடம் உனக்கு நினைவிருக்கும். அங்கே கோர் 2 டுவோ பிராசஸர் உள்ள பழைய பெட்டி ஒன்று, 2 ஜிபி ரேமோடு, துணி போர்த்திக் கிடந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த ரேடியான் எச்டி 5450 கார்டு அதில் இருந்தது. 2010-இல் வந்த கார்டு, விசிறி கிடையாது, சூட்டை வாங்க அலுமினியத் தகடு மட்டும்தான். கமிட்டியில் அதைக் கழித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

முதலில் கார்டைக் கழற்றினேன். தகட்டின் இடுக்குகளில் தூசி பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் அதைச் சுரண்டி எடுத்தேன். ஸ்லாட்டில் இறங்கும் பொன்னிறப் பற்களில் கறுப்பாக ஒரு படலம் ஏறியிருந்தது. புத்தகம் மாற்ற வந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ரப்பர் கேட்டேன். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து புத்தம் புது வெள்ளை ரப்பரை நீட்டினாள். இரண்டு பக்கமும் மெல்லத் தேய்க்கத் தேய்க்கப் பற்கள் பளிச்சென்று வந்தன, அவளுடைய ரப்பர்தான் கரியாகிவிட்டது. "பரவாயில்லை மாமா, ஓடினால் போதும்" என்றாள்.

டெபியன் என்பது லினக்ஸில் ஒரு வகை. கையில் இருந்த பழைய டெபியன் 11 பென் டிரைவை வைத்து, எல்எக்ஸ்கியூடி என்ற இலேசான டெஸ்க்டாப்போடு அதை நிறுவினேன். 2 ஜிபி ரேமுக்கு அதைவிடக் கனமான எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நிறுவும்போதே ஒரு தவறு செய்தேன். நாம் கோவை அச்சகத்தில் இருந்த காலத்து நோட்டுப் புத்தகத்தில் "பழைய கார்டு என்றால் நோமோட்செட் சேர்க்கவும்" என்று எழுதி வைத்திருந்தேன், அதை அப்படியே இங்கும் சேர்த்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் ஓடியது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. 1440க்கு 900 புள்ளிகள் உள்ள மானிட்டரில் 1024க்கு 768தான் கிடைத்தது. எழுத்துகள் எல்லாம் அமுக்கிவிட்ட மாதிரி குட்டையாகவும் அகலமாகவும் நின்றன. அந்தப் பெண் மவுஸைப் பிடித்து ஒரு ஜன்னலை இழுத்தாள். ஈரச் சுவரில் சுண்ணாம்பு மட்டையை இழுத்த மாதிரி ஜன்னல் பட்டை பட்டையாகத் தேய்ந்துகொண்டே பின்னால் வந்தது. "எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் மாதிரியேதான் இருக்கிறது மாமா, ஆனால் நடக்க மாட்டேன் என்கிறதே" என்றாள்.

அவளுக்கு லினக்ஸ் புதிதல்ல. கேரளத்தில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் 2017-இல் கைட் நிறுவனமாக மாறியது, பள்ளிக்கூடங்களில் ஓடுவது அவர்களே தொகுத்துத் தரும் லினக்ஸ்தான். தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடப் புத்தகம் தமிழிலேயே கிடைக்கிறது. எல்லையோரத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இங்கே எத்தனையோ குறை இருக்கலாம். இந்த ஒன்றில் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பது என் எண்ணம்.

திரை இழுப்பதற்குக் காரணம் தேடினேன். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுத்தால், படம் வரையும் வேலையை யார் செய்கிறார்கள் என்று ஒரு வரியில் சொல்லும். அதில் கார்டின் பெயர் இருக்க வேண்டும். எனக்கு எல்எல்விஎம்பைப் என்று வந்தது. கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு புள்ளியையும் பிராசஸரே கணக்குப் போட்டு வரைகிறது என்று அதற்கு அர்த்தம். இந்தப் பெயரை எங்கே பார்த்தாலும், கம்ப்யூட்டர் வேகம் போதவில்லை என்று முடிவு கட்டிவிடாதே. டிரைவர் ஏறவில்லை என்று எடுத்துக்கொள்.

ஏன் ஏறவில்லை என்பதை, தொடக்கச் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் என்ற கட்டளை சொன்னது. ரேடியான் என்ற சொல் வரும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். கெர்னல் மோட் செட்டிங் அணைக்கப்பட்டிருக்கிறது, அது இல்லாமல் இந்த டிரைவர் ஓடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. லினக்ஸின் உட்கருவான கெர்னலே திரையின் அளவையும் நிறத்தையும் தீர்மானிப்பதற்குத்தான் அந்தப் பெயர். நோமோட்செட் என்பது அந்த வேலையைச் செய்யாதே என்று கெர்னலுக்குப் போடும் தடை. சிக்கலான நேரத்தில் ஒரு முறை உள்ளே நுழைய அது உதவும். அதை நிரந்தரமாக விட்டுவைத்தால் நல்ல டிரைவருக்கும் கதவைப் பூட்டிவிடுகிறோம். நானே என் கையால் பூட்டியிருந்தேன்.

ஈடிசி அடைவுக்குள் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற கோப்பு. அதிலிருந்து அந்தச் சொல்லை நீக்கி, அப்டேட்-க்ரப் ஓட்டி, மறுபடி தொடங்கினேன். அப்போதும் திரை மாறவில்லை. ஆனால் டிமெசேஜில் வரி மாறியிருந்தது. இந்த வகைக் கார்டுக்கு ஃபர்ம்வேர் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்னது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் புது வரியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு முடிச்சு அவிழ்ந்து அடுத்த முடிச்சு கண்ணில் பட்டுவிட்டதே!

ரேடியான் டிரைவர் திறந்த மூலம்தான். ஆனால் ஃபர்ம்வேர் என்று கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சின்னக் கோப்புகள் சிலவற்றுக்கு மூல நிரல் வெளியில் இல்லை. அதனால் டெபியன் அவற்றைத் தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்திருந்தது, நிறுவும்போது தானாகச் சேர்க்காது. 2022-இல் அவர்களுக்குள் வாக்கெடுப்பு நடந்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் வட்டிலேயே அவை வருகின்றன. கொள்கையை விடாமல் பிடித்திருந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் இந்த மாற்றம் சரியென்றே படுகிறது; கருப்புத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் வேண்டியது வெளிச்சம்.

போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் எடுத்தேன். சோர்ஸஸ் பட்டியலில் நான்-ஃப்ரீ பிரிவைச் சேர்த்து, ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ் என்ற தொகுப்பை நிறுவினேன். மறுபடி தொடங்கியபோது, பாதி வழியில் எழுத்துகள் ஒரு துடிப்பு துடித்துச் சட்டென்று சிறிதாகிக் கூர்மையானது நினைவிருக்கிறது. அந்த நொடியில்தான் கெர்னல் திரையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. பிறகு முழு அகலத்துக்கும் டெஸ்க்டாப் வந்தது. அதே பெண் வந்து ஜன்னலை இழுத்தாள், விரல் போன இடத்துக்கெல்லாம் அது கூடவே போனது. வீடியோவில் குறுக்கே ஒரு வெட்டு தெரிந்ததற்கு டியர்ஃப்ரீ என்ற ஒரு வரியைச் சேர்த்தேன், அவ்வளவுதான். பிறகு நிதானமாக டெபியன் 12-க்கு ஏற்றிவிட்டேன். இப்போது மாலையில் நான்கு பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

உன் கதை வேறு. உன்னுடையது ஜிஃபோர்ஸ் 210. அந்தக் குடும்பத்துக்கான என்விடியா டிரைவர் 340 என்ற வரிசை, அதன் கடைசிப் பதிப்பு 2019 டிசம்பரில் வந்தது. அதற்குப் பிறகு கெர்னல் எத்தனையோ படி ஏறிவிட்டது. நீ பழைய டிரைவரை இறக்கி நிறுவினாய், ஓடியது. அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்ததும் அந்த டிரைவரால் அதோடு ஒட்ட முடியவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் வயதான கார்டு, இதில் யார் மேலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது போகும்போது இரண்டு தடைகளை உன் பெட்டியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது, அவற்றை நீதான் எடுக்க வேண்டும்.

கருப்புத் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்து. எழுத்துத் திரை வந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். வராவிட்டால் க்ரப் பட்டியலில் இ என்ற விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்து எஃப்10 கொடு. அங்கே செய்கிற மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், என்னைப் போல நிரந்தரமாக எழுதிவிடாதே. உள்ளே போனதும், நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு என்விடியா-அன்இன்ஸ்டால் கொடு. பிறகு ஈடிசி அடைவில் எக்ஸ்11-க்குள் எக்ஸ்ஆர்க் கான்ஃப் கோப்பு இருந்தால் பெயரை மாற்றி வை, அதில் என்விடியா டிரைவரைத்தான் பயன்படுத்து என்று எழுதியிருக்கும். அடுத்தது மோட்ப்ரோப்.டி அடைவு. நூவோ என்ற திறந்த மூல டிரைவரை ஏற்றாதே என்று தடுக்கும் பிளாக்லிஸ்ட் வரியுள்ள கோப்பு அதில் இருக்கும், அதை நீக்கு. கடைசியாகச் சூடோவோடு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், அதன் பின்னால் ஒரு கோடு போட்டுச் சிறிய யு (-u), பிறகு ரீபூட். இந்தக் கடைசிப் படியை விடாதே. தொடக்கத்தில் ஏறும் சின்னக் கோப்புத் தொகுப்புக்குள்ளும் அந்தப் பழைய தடையின் நகல் இருக்கும், அதைப் புதுப்பிக்காவிட்டால் நீ செய்ததெல்லாம் வீண்.

அதன் பிறகு நூவோ தானாக ஏறும். உன் கார்டுக்குத் திரையைத் தர அதற்குத் தனி ஃபர்ம்வேர்கூடத் தேவையில்லை, அந்த வகையில் என் ரேடியானைவிட உனக்கு வேலை சுலபம். நூவோ எப்படி வந்தது தெரியுமா? கார்டின் உள் விவரம் கையில் இல்லாமல், கம்பெனி டிரைவர் கார்டோடு என்ன பேசுகிறது என்பதை உற்றுக் கவனித்து, ஒவ்வொரு சொல்லாகப் புரிந்துகொண்டு எழுதினார்கள். 2010-இல் 2.6.33 கெர்னலோடு அது சேர்ந்தது. இன்றைக்கும் புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் கூடவே வருகிறது. உன்னைப் போல அழைப்பிதழும் நோட்டீஸும் அடிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. கார்டை முழு வேகத்தில் ஓட்டாது, பெரிய விளையாட்டுகளுக்கு ஆகாது என்பது உண்மை. ஆனால் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் தமிழும் தெலுங்கும் கோத்து ஒரு கல்யாணப் பத்திரிகை செய்ய அந்த வேகம் தாராளம். கம்பெனி டிரைவர்தான் அசல், மற்றது ஒப்புக்கு என்று நினைத்துத்தானே அதை இறக்கினாய்? பழைய கார்டுகளுக்கு அது தலைகீழ் என்பது என் அனுபவம்.

எல்லாம் முடிந்ததும் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளைக்குப் பின்னால் ஒரு கோடு போட்டுச் சிறிய கே (-k) சேர்த்துப் பார். கார்டின் பெயருக்குக் கீழே, பயன்பாட்டில் உள்ள டிரைவர் என்ற வரியில் நூவோ என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வார் அடைவில் லாக் என்பதற்குள் எக்ஸ்ஆர்க் பதிவைத் திறந்து, அடைப்புக்குறிக்குள் இரண்டு இ போட்டுத் தொடங்கும் வரிகளை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்பு. இரவு எட்டு மணிக்குக் கடை அடைத்த பிறகு கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் கூடவே இருக்கிறேன்.

மாசியில் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் நடக்கும் கொங்கன்படைத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இந்த வருடமாவது அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. கண்கட்டு அதற்குள் அவிழ்ந்திருக்கும், பார்ப்பதற்கு இங்கே நிறைய இருக்கிறது. வரும்போது ஒரு வெள்ளை ரப்பர் வாங்கி வா. அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

என்றும் உன்,
கொழிஞ்சாம்பாறைக் கூட்டாளி