பாட்டியின் போர்வைக்குக் கண்ணாடி வேண்டாம்

அன்புள்ள யாழினிக்கு,

பாட்டி தைத்த ஒட்டுப்போர்வையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, வேளச்சேரியில் நீ வாங்கியிருக்கும் புது வீட்டின் கூடத்தில் மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். யோசித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன். யோசித்துவிட்டேன், வேண்டாம். நேரில் சொன்னால் அத்தை கோபப்படுகிறாள் என்று உனக்குத் தோன்றும் என்பதால் எழுதுகிறேன்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் நம் சைதாப்பேட்டை வீட்டுக்குள் நுழைந்தபோது, உன் பத்தாம் வகுப்புப் புத்தகங்களை மாடிக்கு ஏற்றுவதில் எல்லோரும் முனைந்திருந்ததால், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை யாரும் நினைக்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் போர்வையை மொட்டை மாடியில் நான்கு நாள் காயப்போட்டோம். மேல்துணி காய்ந்தது, நடுவில் ஈரம் போகவில்லை, வாடையும் எழுந்தது. கடைசியில் பாட்டி ஒரு பிளேடை எடுத்து ஓரத்துத் தையலைப் பிரித்தார். உள்ளே பஞ்சுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு பழைய போர்வை இருந்தது. அதன் கிழிசல் வழியாக அதற்கும் உள்ளே இன்னொன்று தெரிந்தது. பாட்டிக்கு அதில் வியப்பே இல்லை. போர்வை நைந்தால் அதன்மேல் ஓர் அடுக்குப் போட்டுத் தைப்பதுதானே வழக்கம் என்றார்.

அடியில் இருப்பது உன் கொள்ளுப்பாட்டியின் வேலை: அரக்கு நிறச் சுங்குடிப் புடவை, இரண்டாக மடித்தது. அவர் வாழ்ந்த சிந்தாதிரிப்பேட்டை, நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காகவே 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி உண்டாக்கிய பகுதி. சின்னத் தறிப் பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். அவர் தைக்கும் நூலைக்கூட விலைக்கு வாங்கவில்லை, புடவைக் கரையிலிருந்தே உருவியிருக்கிறார். தையல் அரிசி அரிசியாகக் கோடு பிசகாமல் ஓடுகிறது.

அதற்கு மேலே உன் பாட்டியின் அடுக்கு. அவருக்கு நேர்கோடு பிடிக்காது. வெள்ளைத் துணியில் சாக்கட்டியால் புள்ளி வைத்து, வாசலில் போடும் சிக்குக் கோலத்தையே ஊசியால் வளைத்து வளைத்து இழுத்திருக்கிறார். ஓரிடத்தில் மட்டும் வழி தவறி, ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே தனியாக நிற்கிறது. அதை நான் விரலால் தொட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ பார்த்து வளர்ந்த மேல் அடுக்கும் அவருடையதுதான். தாத்தாவின் கட்டம் போட்ட கைலித் துண்டுகளும், மயிலாப்பூர்த் தேரில் உருளை உருளையாகத் தொங்கும் தொம்பைகளைப் பார்த்து வெட்டி வைத்துத் தைத்த சிவப்பு, மஞ்சள் பூக்களும் அதில் உண்டு. வெள்ளத்தில் கைலியின் சிவப்பு இறங்கிக் கோலம் முழுவதும் திட்டுத் திட்டாகிவிட்டது. நம் ஊர்க் கட்டம் போட்ட துணியை 1960களில் அமெரிக்காவில், சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்து விற்றார்கள் என்று பாட்டியிடம் சொன்னேன். "எனக்கு விற்றவன் அப்படிச் சொல்லவில்லையே" என்றார்.

என் பங்கு ஒன்றுமில்லை. ஒருமுறை உதவுவதாக எண்ணி ஓர் ஓரத்தை மெஷினில் அடித்தேன். மறுநாள் காலையில் அது பிரிக்கப்பட்டுக் கையால் தைக்கப்பட்டிருந்தது.

இது நம் வீட்டுக்கே உரிய வழக்கம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். வங்காளத்துக் காந்தாவும் பழைய புடவைகளை அடுக்கித் தைப்பதுதான். வட கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் தம் ஒட்டுப்போர்வையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போய், நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூ வைக்கிறார்கள். எங்கும் பழந்துணியையே தேடுவதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை. பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சி போயிருக்கும், சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கியிருக்கும், நான்கைந்து மடிப்பானாலும் ஊசி தடையின்றி இறங்கும்.

சட்டமிட்டால் நம் ஊர்க் கடற்காற்றின் ஈரம் கண்ணாடிக்குள் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும், கூடத்து வெயிலில் நிறம் வெளுக்கும் என்பதும் உண்மைதான். அவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்தால் வழி கிடைக்கும். என் தடை வேறு: சுவரில் மாட்டியபின் அதன்மேல் யாரும் இன்னோர் அடுக்குத் தைக்க முடியாது. கைலித் துண்டுகள் இப்போது மூன்று இடங்களில் கிழிந்திருக்கின்றன.

பாட்டி அன்று பிரித்த ஓரத்தை மறுபடி மூடவே இல்லை. ஆறு ஊக்குகளைக் குத்திவைத்துவிட்டு, கண் அறுவை சிகிச்சை முடியட்டும் என்றார். அதன்பின் அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஊக்குகள் துருப்பிடிக்கத் தொடங்கியதால் சென்ற வாரம் அவற்றை எடுத்துவிட்டு, பெரிய தையலாக ஓட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. முதல் வேலைக்குப் போட்டுப் போனாயே, அந்த நீலப் பருத்திச் சுடிதாரையும் அதன் துப்பட்டாவையும் எடுத்து வா. பாலியஸ்டர் எதுவும் வேண்டாம். ஊசியும் பாட்டியின் விரலுறையும் என்னிடம் இருக்கின்றன.

அன்புடன்,
அத்தை