உன் பேரில் ஒரு காகிதம்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. போனில் கேட்டால் "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு லாகின் பண்ணப் போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் கோட் எண் போடுகிறாயே, அந்த மெடிக்கல் கோடிங் வேலைக்கான சிபிசி சர்டிஃபிகேட் பரீட்சை விஷயம்தான்.

"மூணு வருஷமா இதே வேலையைத்தானே செய்யறேன், எதுக்கு இன்னொரு பரீட்சை?" என்றாய். நானும் அப்படித்தான் இருந்தேன். 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்து ஓய்ந்த பிறகு, நம் பக்கத்தில் எத்தனையோ வீட்டுக்கு நான்தான் குழாய் பதித்தேன், வயர் இழுத்தேன். ஆனால் வயரிங் சரியாக இருக்கிறது என்று கொடுக்கிற டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட எனக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் வைத்திருந்தவர் பைக்கில் வருவார், மெயின் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு என் இரண்டு நாள் கூலியை வாங்கிக்கொண்டு போவார். அவரைத் திட்டி என்ன பயன்? பரீட்சைக்குப் போகாதவன் நான்தானே.

போன தீபாவளிக்கு நடையில் உட்கார்ந்து வேலை பார்த்தாயே, ஸ்கிரீனை எட்டிப் பார்க்க விடவில்லை. அது சரிதான், யாரோ ஒருவருடைய நோய் விவரம். அதற்குப் பதில் என் ரிப்போர்ட்டை வைத்துச் சொன்னாய்: வெறும் சர்க்கரை என்றால் E11.9, சர்க்கரையால் சிறுநீரகமும் கெட்டிருந்தால் E11.22, அதோடு எந்த நிலை என்பதற்கு N18 வரிசையில் இன்னொரு எண். டாக்டர் எழுதாததைப் போடக்கூடாது, எழுதியதை விடவும் கூடாது என்றாய். இவ்வளவு தெரிந்தவளுக்கு அதைக் காட்ட ஒரு காகிதம் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பாஸ் பண்ணிய மறுநாளே சம்பளம் ஏறிவிடும் என்று நான் சொல்லவில்லை. சில இடத்தில் அதற்கென்று தனியாக ஒரு தொகை தருவார்கள், சில இடத்தில் கைகுலுக்கலோடு சரி. ஆனால் மற்றவர்கள் போட்ட கோடைச் சரிபார்க்கிற ஆடிட்டர் வேலைக்குப் போவதானாலும், வேறு கம்பெனிக்கு மாறுவதானாலும் சர்டிஃபைடா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். புதிதாக எழுதுகிறவர்களுக்குத்தான் சிபிசிக்குப் பின்னால் 'ஏ', அதாவது அப்ரண்டிஸ், என்று ஒரு வால் ஒட்டுமாம். இரண்டு வருட அனுபவம் காட்டினால் எடுத்துவிடுவார்களாம். உனக்கு அந்தக் கவலையும் இல்லை.

100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுக்க வேண்டும். கோட் புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்றதும் அம்மா சிரித்தாள். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், சிரிப்பு நின்றது. ஆபீஸில் நீ சாஃப்ட்வேரில் தட்டித் தேடுகிறாய். அங்கே பக்கம் புரட்ட வேண்டும். தினமும் ரேடியாலஜி மட்டும் பார்க்கிற உனக்கு அறுவை சிகிச்சை, மயக்க மருந்து என்று எல்லாமே வரும். கை பழக வேண்டும். அப்புறம், பாஸ் ஆனாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 36 சிஇயு, அதாவது தொடர்ந்து படித்ததற்கான புள்ளி, காட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம். என் லைசென்ஸ்காரருக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் மெயின் பெட்டியையாவது திறந்திருப்பார்.

ஃபீஸுக்கும் புத்தகத்துக்கும் மாடி வாடகையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது புத்தகங்களைக் கொண்டு வா. ஒருநாள் சில்வர் பீச்சுக்குப் போகாமல், நடையில் உட்கார்ந்து முழுசாக ஒரு மாதிரிப் பரீட்சை எழுது. நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த நாலு மணி நேரமும் டிவி போட மாட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
அப்பா